180 கம்ப்யூட்டர், எத்தனை பானை? அப்டேட்டுக்கு ரிங் பிரிப்பது பற்றி

தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். மதுரை விளக்குத்தூண் பக்கம் இரண்டு ஜவுளிக் கடை, கே.கே.நகரில் அலுவலகம், கப்பலூரில் குடோன், திண்டுக்கல்லிலும் தேனியிலும் ஒவ்வொரு கிளை. மொத்தம் 180 கம்ப்யூட்டர், பார்த்துக்கொள்ள இரண்டே பேர். போன மாதம் ஒரு அப்டேட் எல்லா மிஷினிலும் ஒரே ராத்திரியில் இறங்கி, மறுநாள் முகூர்த்த நாள் காலையில் பார்கோடு பிரிண்டர் எதுவும் வேலை செய்யவில்லை. மூன்று மணி நேரம் கையால் பில் எழுதியிருக்கிறார்கள். முதலாளி, "இனிமே அப்டேட்டே வேண்டாம், எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடு" என்கிறார். "மிஷின்களை ரிங் ரிங்காக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக அப்டேட் போகும் தொகுதிகளாகப் பிரித்து விடலாம் என்கிறார்களே, எதை வைத்துப் பிரிப்பது? சதவீதம் போட்டால் அதுவே பிரித்துக்கொள்ளுமாமே, அது போதுமா அண்ணே?"

போதாது தம்பி. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் முதலாளியிடம் பேச வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அவர் சம்மதிக்காமல் மற்றது எதுவும் நடக்காது.

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. அதே ஓட்டை வழியாகத்தான் மே 12 அன்று வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் நுழைந்தது. நடுவில் 59 நாள் இருந்தது. அந்த 59 நாளில் திருத்தத்தைப் போட்டிருந்தவர்கள் தப்பித்தார்கள், போடாதவர்களின் ஃபைல்கள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் ஆபரேஷனையே தள்ளி வைக்க வேண்டி வந்தது. இதை முதலாளியிடம் தேதியோடு சொல்லுங்கள். மூன்று மணி நேரம் கையால் பில் எழுதியது கஷ்டம்தான். ஆனால் டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா முழுக்கப் பூட்டிக்கொண்டால் எத்தனை பில் புத்தகம் இருந்தாலும் பாக்கிக் கணக்கைத் திரும்ப எழுத முடியாது.

அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி காலை 9:39-க்கு க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சின்ன ஃபைலை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அனுப்பியது. தப்பைக் கண்டுபிடித்து 10:57-க்கே திரும்ப எடுத்துவிட்டார்கள். அந்த 78 நிமிடத்துக்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மிஷின்கள் நீலத்திரை காட்டி நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தது அன்றைக்குத்தான். அந்த ஃபைல் முதலில் ஆயிரம் மிஷினுக்கு மட்டும் போயிருந்தால், ஆயிரத்தோடு நின்றிருக்கும்.

ஆக, போடாமலும் இருக்க முடியாது, ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் போடவும் கூடாது. என் கணக்கு இரண்டு வாரம். வெளியான நாளிலிருந்து 14 நாளுக்குள் கடைசி மிஷின் வரை போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்த 14 நாளை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதுதான் ரிங் பிரிப்பது.

இப்போது சதவீதத்துக்கு வருகிறேன். மைக்ரோசாஃப்ட் 2022 ஜூலையில் அப்டேட்டைத் தானாகவே ரிங் பிரித்து அனுப்பும் ஆட்டோபேட்ச் சேவையைக் கொண்டுவந்தபோது வைத்த பிரிவினை இது: சோதனை ரிங்கில் நாமே கையால் சேர்க்கும் சில மிஷின்கள், அப்புறம் 1 சதவீதம், 9 சதவீதம், கடைசியாக 90 சதவீதம். இருபதாயிரம் கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் 1 சதவீதம் என்றால் 200 மிஷின். அதில் எல்லா மாடலும், எல்லாத் துறையும் தானாகவே வந்து விழுந்துவிடும். உங்கள் 180-ல் 1 சதவீதம் என்பது இரண்டு மிஷின். அந்த இரண்டும் அலுவலகத்தில் மின்னஞ்சல் மட்டும் பார்க்கிறவர்களுடையதாக இருந்தால் உங்களுக்கு என்ன தெரியவரும்? ஒன்றும் தெரியவராது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டில் சொல்வார்கள். அது சரிதான், பானை ஒன்றாக இருக்கும்வரை. கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் பத்து அடுப்பில் பத்து அண்டா வேகும்போது, முதல் அண்டாவில் ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்துவிட்டு எந்தச் சமையல்காரரும் பந்தி போடச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு அண்டாவிலும் கரண்டியை விடுவார். ஒரு நிறுவனத்துக் கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். உங்களிடம் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதைவிட எத்தனை பானை இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

பானை என்று நான் சொல்வது, ஒரே மாதிரி கெடக்கூடிய மிஷின்களின் கூட்டம். உங்கள் கடையில் பில்லிங் கவுன்ட்டர் மிஷின் ஒரு பானை, அதில் பார்கோடு பிரிண்டரும் தெர்மல் பிரிண்டரும் தொங்கும். குடோனில் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் மூன்று பிரதி டெலிவரி சலான் அடிக்கிற மிஷின் இன்னொரு பானை. கணக்குப் பிரிவில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (பென்டிரைவ் மாதிரி இருக்கும்) செருகியிருக்கும் மிஷின் தனிப் பானை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் மொத்தமாக வாங்கிய பழைய மாடல் ஒன்று, போன வருஷம் வாங்கிய லேப்டாப் ஒன்று. பயோமெட்ரிக் வருகைப்பதிவு மென்பொருள் ஓடுவது, சிசிடிவி பார்க்கிறது, டிசைன் வேலைக்குக் கிராஃபிக்ஸ் கார்டு போட்டது என்று போகும்.

2021 மார்ச் 9-ல் வந்த விண்டோஸ் அப்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் போட்ட பிறகு சில பிராண்டு பிரிண்டர்களுக்கு பிரின்ட் கொடுத்த உடனே கம்ப்யூட்டர் நீலத்திரையாகி விழுந்தது. மற்ற பிரிண்டர் வைத்திருந்தவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஆறு நாள் கழித்து, 15-ம் தேதி, அவசரத் திருத்தம் வந்தது. அந்தப் பிரிண்டர் மாட்டிய மிஷின் ஒன்றாவது உங்கள் முதல் ரிங்கில் இருந்தால் முதல் நாளே நிறுத்தியிருப்பீர்கள். இல்லாவிட்டால் கடைசி ரிங்கில்தான் தெரியும், அதற்குள் எல்லாக் கவுன்ட்டருக்கும் போயிருக்கும்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ரிங்கைத் துறை துறையாகப் பிரித்திருந்தேன். நிறுவனத்துக் கம்ப்யூட்டர்களின் பட்டியலை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் துறைவாரியாகத்தான் மிஷின்கள் இருந்தன, அப்படியே எடுத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. கணக்குப் பிரிவு எங்கள் அறைக்கு அடுத்த அறை. ஏதாவது ஆனால் ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்று அவர்கள் ஆறு பேரையும் முதல் ரிங்கிலேயே போட்டேன். ஒரு மாதம் 10-ம் தேதி காலையில் ஆறு மிஷினிலும் டோக்கனைச் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் மென்பொருள் "டோக்கன் இல்லை" என்கிறது. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசித் தேதி. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்பதால் டோக்கன் கையெழுத்து இல்லாமல் தாக்கல் செய்ய வழியில்லை. கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு மிஷின் மிஷினாகச் செருகிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறாவது மிஷினிலும் வராதபோது அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஸ்டோர் ரூம் அலமாரியில் மாதக்கணக்கில் திறக்காமல் கிடந்த ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து, சார்ஜர் வயரை ஒரு கோணத்தில் பிடித்துக்கொண்டு, ராத்திரி பதினோரு மணிக்குத் தாக்கல் செய்தோம். அது அப்டேட் ஆகாமல் இருந்ததால்தான் டோக்கனை எடுத்துக்கொண்டது.

அன்றைக்கு நான் செய்த தப்பு முதல் ரிங்கில் கணக்குப் பிரிவைப் போட்டது இல்லை. ஆறு பேரையும் ஒரே ரிங்கில் போட்டதுதான். அதிலிருந்து நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற விதி இது: ஒரே வேலையைச் செய்யக்கூடிய மிஷின்கள் எல்லாம் ஒரே ரிங்கில் இருக்கக் கூடாது. டோக்கன் மிஷின் இரண்டு இருந்தால் ஒன்று ரிங் 1, ஒன்று ரிங் 3. விளக்குத்தூண் கடையில் நாலு கவுன்ட்டர் இருந்தால் ஒன்று முன்னால் போகட்டும், மூன்று பின்னால் வரட்டும். முதல் கவுன்ட்டர் விழுந்தால் வரிசையைப் பக்கத்துக் கவுன்ட்டருக்குத் திருப்பலாம். நாலும் விழுந்தால் ஷட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் 180-ஐ நான் பிரித்தால் எப்படிப் பிரிப்பேன் என்று சொல்கிறேன். எண்ணிக்கை ஒரு தோராயம்தான், உங்கள் பட்டியலைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ரிங் 0-வில் 6 மிஷின். உங்கள் இருவருடையது, அதோடு நாலு உபரி மிஷின். இதில் ஒரு சிரத்தை வேண்டும். பெரும்பாலான இடங்களில் ஐடி ஆட்களின் மிஷினில் டேலியும் இருக்காது, டோக்கனும் இருக்காது, பிரிண்டரும் இருக்காது. அதில் அப்டேட் நன்றாக ஓடியது என்பதால் ஒன்றும் நிரூபணமாகாது. அதனால் உங்கள் அறையில் ஒரு மேசை ஒதுக்கி, ஒரு பழைய பார்கோடு பிரிண்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ், டேலி, டோக்கன் மென்பொருள் எல்லாம் போட்ட மிஷின்களை நிரந்தரமாக வையுங்கள். புது பிரிண்டர் வாங்கும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாமல் இந்த மேசைக்குக் கேட்டு வாங்குங்கள்.

ரிங் 1-ல் 18 மிஷின். இதுதான் உயிர்நாடி. ஒவ்வொரு பானையிலிருந்தும் ஒன்று, பெரிய பானையிலிருந்து இரண்டு. திண்டுக்கல், தேனி கிளைகளிலிருந்தும் ஆளுக்கொன்று கட்டாயம், ஏனென்றால் அங்கே இன்டர்நெட் லைன் வேறு, ஃபயர்வால் வேறு. மிஷினைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் உட்காருகிற ஆளையும் பாருங்கள். பிரச்சினை வந்தால் உடனே போன் போட்டு, "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னைக்குக் காலைல பிரின்ட் கொடுத்தா பாதியில நிக்குது" என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். சிலர் மிஷின் நின்றால் பக்கத்து சீட்டில் போய் வேலையை முடித்துவிட்டு நாலு நாள் கழித்துச் சொல்வார்கள். நல்ல ஊழியர்தான், ஆனால் ரிங் 1-க்கு ஆகாது. சேர்க்கிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். "அக்கா, உங்க மிஷினுக்கு முதல்ல வரும், ஏதாவது ஆச்சுன்னா பத்து நிமிஷத்துல நான் வந்து நிப்பேன்" என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ரிங் 1 நடப்பது இந்த நம்பிக்கையில்தான்.

ரிங் 2-ல் 68: அலுவலகத்தின் பெரும்பகுதி, கொள்முதல், கணக்குப் பிரிவில் பாதி, குடோனில் பாதி, முதலாளியின் லேப்டாப். ரிங் 3-ல் 82: மீதிக் கவுன்ட்டர்கள், கணக்கின் மறுபாதி, கிளைகள். கடைசி 6 தனி: எடைமேடைக் கம்ப்யூட்டர், வருகைப்பதிவு மிஷின், டேலி சர்வர் மாதிரியானவை. இவற்றைத் தானாக விடாதீர்கள். பேக்கப் எடுத்துவிட்டு, நீங்களே பக்கத்தில் இருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கையால் போடுங்கள். "தனி" என்றால் அப்டேட் இல்லாதது என்று அர்த்தம் ஆகிவிடக் கூடாது. அந்த ஆறுக்கும் அதே 14 நாள்தான் கெடு.

நாள் கணக்கு: விண்டோஸின் மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். அமெரிக்க மேற்குக் கரை நேரம் காலை பத்து என்பதால் நமக்கு அது ராத்திரி 10:30, அவர்களுக்குக் குளிர்காலமானால் 11:30. அதாவது மதுரையில் அது புதன்கிழமை காலைச் சமாச்சாரம். ரிங் 0-வுக்குத் தள்ளிவைப்பு 0 நாள், புதன் காலையிலேயே பார்த்துவிடலாம். ரிங் 1-க்கு 1 நாள் தள்ளினால் வியாழன், வெள்ளியில் முடியும். ரிங் 2-க்கு 5 நாள் தள்ளினால் திங்கள்கிழமை. ரிங் 3-க்கு 8 நாள் தள்ளினால் அடுத்த வியாழன், அதற்கு டெட்லைன், அதாவது மிஷின் தானே ரீஸ்டார்ட் ஆகிவிடும் கெடு, 5 நாள். ஆக மொத்தம் 13 நாள். கவுன்ட்டருக்கு டெட்லைனை இரண்டு நாள் என்று இறுக்கினால் சனிக்கிழமை மாலை கட்டாய ரீஸ்டார்ட் வந்து நிற்கும். ஜவுளிக் கடையில் அதைவிட மோசமான நேரம் கிடையாது. விண்டோஸ் இந்தத் தள்ளிவைப்பை 30 நாள் வரை அனுமதிக்கும். அனுமதிக்கிறதே என்று 30 போடாதீர்கள்.

இதில் ஒரு சிக்கலை வெளியூர் வழிகாட்டிகள் எதுவும் சொல்லாது. இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8-ம் தேதிக்கும் 14-ம் தேதிக்கும் நடுவில்தான் விழும். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசித் தேதி 11, வரி கட்டித் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-3பி கடைசித் தேதி 20. அதாவது நம் ஊர்க் கணக்குப் பிரிவு மூச்சு முட்ட வேலை பார்க்கிற பத்து நாளும், அப்டேட் வருகிற பத்து நாளும் ஒன்றேதான். 2026 ஆகஸ்டில் இரண்டாவது செவ்வாய் 11-ம் தேதியே. செப்டம்பரில் 8-ம் தேதி வருவதால் ரிங் 1 போகும் வியாழனும் வெள்ளியும் சரியாக 10, 11. எத்தனை நாள் தள்ளினாலும் ஏதாவது ஒரு மாதம் ஒரு கடைசித் தேதியில் போய் முட்டும். அதனால் இதைத் தேதியை மாற்றித் தீர்க்க முடியாது, மேலே சொன்ன விதியால்தான் தீர்க்க முடியும்: கணக்குப் பிரிவிலிருந்து ரிங் 1-க்குப் போகிறவர் தாக்கல் செய்கிறவராக இருக்க வேண்டாம், உதவியாளராக இருக்கட்டும், டோக்கன் மிஷின்கள் இரண்டும் வேறு வேறு ரிங்கில் இருக்கட்டும். எந்த நாளில் எது விழுந்தாலும் கையெழுத்துப் போட ஒரு மிஷின் நிற்கும்.

பண்டிகையும் அப்படியே. 2025-ல் தீபாவளி அக்டோபர் 20, அப்டேட் வந்தது 14-ம் தேதி. (விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததும் அதே 14-ம் தேதிதான், இன்னும் அதில் ஓடுகிற மிஷின் உங்களிடம் இருந்தால், அதை முதலில் பாருங்கள்.) மேலே சொன்ன கணக்குப்படி ரிங் 3 திறப்பதே 23-ம் தேதி வியாழன். தீபாவளி விற்பனை முடியும்வரை பெரும்பாலான கவுன்ட்டரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். 2026-ல் அப்படி அமையவில்லை. தீபாவளி நவம்பர் 8, அக்டோபர் அப்டேட் 13-ம் தேதி, ரிங் 3 போவது 22 முதல் 27 வரை. கடையில் கூட்டம் தொடங்கியிருக்கும். அந்த மாதம் மட்டும் 22-ம் தேதி இரவு கடை மூடியபின் நீங்களே கவுன்ட்டர்களை ரீஸ்டார்ட் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு பில் அடித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். நான் மானிட்டருக்குப் பக்கத்தில் தினசரி காலண்டர் மாட்டி வைத்திருக்கிறேன். வருஷத் தொடக்கத்தில் அதில் பன்னிரண்டு இரண்டாம் செவ்வாயையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுவிடுவேன். முகூர்த்த நாள், ஆடித் தள்ளுபடி, அழகர் ஆற்றில் இறங்கும் நாள் எல்லாம் அதே காலண்டரில் இருப்பதால் எது எதோடு மோதுகிறது என்று ஒரு பார்வையில் தெரியும். மாசி வீதிகளில் நடக்கவே இடமில்லாத நாளில் கடைக்கு ஓடிப்போய் மிஷினைச் சரிசெய்ய முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு ரிங் முடிந்து அடுத்தது போகலாம் என்பதை எப்படி முடிவு செய்வது? பலர் செய்கிற தப்பு இங்கேதான். "யாரும் புகார் சொல்லவில்லை, அதனால் சரி" என்று விட்டுவிடுகிறார்கள். மிஷின் அணைந்தே கிடந்தாலும் புகார் வராது. அந்த ஆள் லீவில் இருந்தாலும் வராது. ரிங் 1-ல் 18 மிஷின் என்றால், எத்தனையில் அப்டேட் ஏறியது, ஏறிய பிறகு எத்தனையில் ஒரு முழு நாள் வேலை நடந்தது என்று எண்ணுங்கள். 15-க்குக் குறைவாக இருந்தால் ரிங் 2-ஐத் தள்ளிவையுங்கள். அப்புறம் ஆறு காரியத்தைக் கேட்டு டிக் அடியுங்கள்: பில் அச்சானதா, பார்கோடு ஸ்டிக்கர் வந்ததா, டேலி சர்வரோடு இணைந்ததா, இ-வே பில் போனதா, டோக்கனைக் காட்டியதா, ஸ்கேனர் எடுத்ததா. வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரத்தில் முடிகிற வேலை இது.

மிஷின் அணைந்து கிடப்பது நம் ஊரில் லேசாக எடுத்துக்கொள்ளும் விஷயமில்லை. சாயங்காலம் கிளம்பும்போது ஷட்டவுன் செய்து, சுவரில் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். மைக்ரோசாஃப்ட் சொல்லும் கணக்குப்படி, ஒரு அப்டேட் ஒழுங்காக ஏற, அது வெளியானதிலிருந்து மிஷின் தொடர்ச்சியாக இரண்டு மணி நேரமாவது, மொத்தத்தில் ஆறு மணி நேரமாவது இணைப்பில் இருக்க வேண்டும். காலையில் திறந்து ஒரு சலான் அடித்துவிட்டு மூடுகிற குடோன் மிஷினுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அந்த ரிங்குக்கு வாரத்தில் ஒரு ராத்திரி மட்டும் "அணைக்க வேண்டாம்" என்று வாட்ஸாப்பில் சொல்லிவிடுங்கள். அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. கப்பலூருக்கு ஒரு நாள், நகருக்குள் ஒரு நாள் என்று காலை முதல் மாலை வரை போகும். பேப்பரில் அறிவிப்பு வரும். அன்றைக்கு ரீஸ்டார்ட் விழாதபடி பாருங்கள். அப்டேட் பாதியில் இருக்கும்போது யூபிஎஸ் பேட்டரி தீர்ந்து அணைந்த மிஷினை எழுப்புவது, பிரிண்டர் பிரச்சினையைவிடப் பெரிய தலைவலி.

லைன் விஷயம் சுருக்கமாக. தேனியில் இருபது மிஷின் ஒரே காலையில் தலைக்கு 500 எம்பி இழுத்தால் 10 ஜிபி. விண்டோஸில் உள்ள டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வசதியை உள்-நெட்வொர்க் முறையில் வைத்தால் ஒரு மிஷின் இறக்கியதை மற்றவை அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். கிளையில் ஒரு மிஷின் ரிங் 1-ல் இருக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவியைப் பொறுத்தவரை, எல்லா மிஷினையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் இன்டியூன் இருந்தால் நாலு அப்டேட் ரிங் பாலிசி உருவாக்கி நாலு டிவைஸ் குரூப்புக்குக் கொடுங்கள். ஆளின் பெயருக்குக் கொடுக்காதீர்கள், மிஷினுக்குக் கொடுங்கள். கவுன்ட்டரில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும். இரண்டு ஆள் இரண்டு ரிங்கில் இருந்தால் மிஷின் எந்தப் பேச்சைக் கேட்கும்? அதே மாதிரி ஒரு மிஷின் இரண்டு குரூப்பில் மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள். இன்டியூன் இல்லாவிட்டால் விண்டோஸோடு வரும் குரூப் பாலிசியிலேயே இதே நாள் கணக்கைப் போடலாம், விண்டோஸ் ப்ரோ போதும். ஹோம் எடிஷனில் இந்தப் பாலிசி எடுபடாது. கிளைகளில் அவசரத்துக்குக் கடையில் வாங்கிய லேப்டாப் பெரும்பாலும் ஹோமாகத்தான் இருக்கும். அவற்றை முதலில் கண்டுபிடியுங்கள். புதிதாக வரும் மிஷினுக்கு ரிங் ஒதுக்க மறந்துவிடுவோம் என்பதால், எதிலும் சேராதது ரிங் 3-ல் விழும்படி வையுங்கள். நான் கேபினெட் முகப்பில் ஒரு சின்ன வண்ண ஸ்டிக்கரும் ஒட்டிவிடுவேன். ரிங் 1 பச்சை, 2 மஞ்சள், 3 சிவப்பு. போனில், "உங்க மிஷின்ல என்ன கலர் பொட்டு இருக்குக்கா?" என்று கேட்டாலே போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான் இதுவரை சொன்னது மாதாந்திர அப்டேட்டுக்கு. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றத்தை இதோடு கலக்காதீர்கள். 2018 அக்டோபர் 2-ல் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு சிலருடைய ஃபைல்களையே அழித்தது. நாலு நாளில் நிறுத்திவிட்டு, நவம்பர் 13-ல்தான் திரும்ப வெளியிட்டார்கள். பதிப்பு மாற்றத்துக்கு நாள் கணக்கு போதாது, மாதக் கணக்கு வேண்டும். அதே ரிங்குகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று வாரமாவது இருக்கட்டும். கவுன்ட்டர் மிஷின்களில் விண்டோஸ் வழியாக டிரைவர் வருவதை நிறுத்திவிடுங்கள், பார்கோடு பிரிண்டர் டிரைவரை நீங்களே சோதித்துப் போடுங்கள்.

ஆன்டிவைரஸ் வேறு கதை. புது வைரஸ்களை அடையாளம் காட்டும் அதன் கோப்புகள் ஒரு நாளிலேயே பலமுறை வரும், அதை எட்டு நாள் தள்ளினால் காவலே இல்லாத மாதிரி. ஆனால் உங்கள் ஆன்டிவைரஸ் கம்பெனிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். 2024 ஜூலை க்ரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்தில் பல நிறுவனங்கள், "எங்களுக்கு ஒரு பதிப்பு பின்னால்தான் வரட்டும்" என்று முன்பே அமைத்து வைத்திருந்தன. அப்படியும் விழுந்தன. அந்த அமைப்பு மென்பொருளின் பதிப்புக்கு மட்டும்தான். அன்றைக்கு வந்த ஃபைல் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராத வேறு வகை. அதனால், "தள்ளிவைப்பு இருக்கிறதா?" என்று கேட்டு, "இருக்கிறது" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். "எந்தெந்த வகை ஃபைலுக்கு இருக்கிறது?" என்று கேளுங்கள்.

நிறுத்துவது எப்படி என்பதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிங்கை 35 நாள் வரை நிறுத்தி வைக்கலாம், ஏறிய அப்டேட்டை அன்இன்ஸ்டாலும் செய்யலாம். யார் சொன்னால் நிறுத்துவது என்பதுதான் முக்கியம். என் கருத்து, உங்கள் இருவரில் யார் சொன்னாலும் நிறுத்தலாம், முதலாளியிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. திரும்பத் தொடங்குவதற்கு மட்டும் இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட லேப்டாப்புகளின் மீட்புச் சாவி எல்லாம் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்றும் இன்றைக்கே பாருங்கள். 2024 ஜூலை 9-ல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு சில மிஷின்கள் திறக்கும்போதே அந்தச் சாவியைக் கேட்டன. தேனிக் கிளையில் காலை ஒன்பது மணிக்கு அந்தத் திரை வந்து, சாவி யாரிடமும் இல்லை என்றால் மிஷினைத் துடைத்துத் திரும்பப் போடுவதுதான் வழி.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஏற்கெனவே திருடர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கிற ஓட்டைக்கு அவசரத் திருத்தம் வந்தால், 14 நாள் கணக்கை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். காலையில் ரிங் 0, மதியம் ரிங் 1, மறுநாள் மற்றவை. அந்த நாளிலும் வரிசை மட்டும் மாறக் கூடாது, ஒவ்வொரு பானையிலும் ஒரு சோறு பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

இப்போது செய்ய வேண்டியது, இன்டியூனைத் திறப்பது இல்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கடை, குடோன், அலுவலகம் என்று ஒவ்வொரு மேசையாகப் போங்கள். மிஷின் மாடல், அதில் என்ன வேலை நடக்கிறது, பின்னால் என்னென்ன ஒயர் மாட்டியிருக்கிறது, யார் உட்காருகிறார், அது கெட்டால் அதே வேலையை எந்த மிஷினில் செய்யலாம் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். திண்டுக்கல்லுக்கும் தேனிக்கும் ஒரு நாள் பஸ் ஏறிப் போய்வாருங்கள், போனில் கேட்டால் பாதிதான் சொல்வார்கள். ஐந்தாவது கட்டத்தில் "வேறு மிஷின் இல்லை" என்று எத்தனை வரிக்கு எழுத வேண்டி வருகிறதோ, அந்த வரிகளை மட்டும் முதலாளியிடம் காட்டுங்கள். அந்த இடங்களுக்கு உபரி மிஷின் வாங்கக் கேட்பதற்கு அதைவிட நல்ல காகிதம் கிடைக்காது.